கருகிய தெருக்களில் கீரைப் பாத்தி

நியூயார்க் நகரின் வடக்குப் பகுதியான பிராங்ஸ், 1970-களில் உண்மையாகவே எரிந்தது. வாடகை வருமானம் சரிந்த கட்டடங்களை உரிமையாளர்கள் கைகழுவினார்கள். சிலர் காப்பீட்டுப் பணத்துக்காக ஆள் வைத்துத் தீ மூட்டினார்கள். அதே ஆண்டுகளில் நகர நிர்வாகம் செலவைக் குறைப்பதாகச் சொல்லித் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970-க்கும் 1980-க்கும் இடையே பிராங்ஸின் கணக்கெடுப்பு வட்டாரங்களில் ஏழு, தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் தீக்கும் கைவிடலுக்கும் பறிகொடுத்தன. 44 வட்டாரங்களில் பாதிக்கு மேல் போயிற்று.

எரிந்த தெருக்களில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும். அவர்கள் வாழும் பகுதிகளை 1930-களிலேயே வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, ‘கடன் கொடுக்க ஆபத்தான இடம்’ என்று குறித்து வைத்திருந்தார்கள். கடன் இல்லாததால் பழுதுபார்ப்பு இல்லை. பழுதுபார்ப்பு இல்லாததால் நல்ல வாடகை இல்லை. நாற்பது ஆண்டுகளில் மிஞ்சியவை செங்கல் குவியலும் காலி மனைகளும்தான்.

அந்த மனைகளில் அக்கம்பக்கத்தார் இறங்கினார்கள். உடைந்த கண்ணாடியையும் கட்டட இடிபாட்டையும் அள்ளினார்கள், பாத்தி கட்டினார்கள். தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்து, நகரத்தின் அனுமதியோடு, ரப்பர் குழாய் போட்டு நீர் பாய்ச்சினார்கள். இன்று நியூயார்க்கின் ‘கிரீன்தம்ப்’ என்ற நகரத் திட்டத்தின் கீழ் 550-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன.

இப்படி ஊர் கூடி நட்டு, ஊர் கூடி உண்ணும் தோட்டங்கள் ஏழைக்கும் வசதியானவருக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்குமா? குறைக்கும் என்றால் எந்த வழியில், எவ்வளவு? கடந்த இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் ஓரளவு துல்லியமான விடைகளைத் தந்திருக்கிறார்கள். தோட்டத்தின் பயன் காய்கறிக் கூடையோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் அந்தப் பயன் ஏழையிடமே தங்குமா, கைமாறிப் போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பது விதையோ உரமோ அல்ல. நிலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

வயிறு நிறையும், சத்து சேராது

பணக்கார நாட்டில் ஏழையின் உணவுச் சிக்கல் வெறும் பட்டினி மட்டும் அல்ல. சர்க்கரை, எண்ணெய், தீட்டிய மாவு ஆகியவை மலிவாகக் கலோரி தருகின்றன. கையில் இருக்கும் பணத்தில் அதிக நேரம் பசி தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுபவர் இவற்றைத்தான் வாங்குவார். கீரையிலும் காயிலும் நீரும் நாரும் அதிகம், கலோரி குறைவு. அதே பணத்துக்கு அவை தருவது வைட்டமினும் தாதுச்சத்தும். போதாத வருமானத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுவே. அதனால்தான் அமெரிக்காவின் ஏழைப் பகுதிகளில் உடல் பருமனும் சர்க்கரை நோயும் சத்துக் குறைபாடும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

நல்ல கடை இல்லாததுதான் காரணம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். அரசுகள் மானியம் கொடுத்து ஏழைப் பகுதிகளில் பெரிய மளிகை அங்காடிகளைத் திறக்க வைத்தன. பிலடெல்பியாவில் அப்படித் திறந்த ஓர் அங்காடியைச் சுற்றி வாழ்பவர்களை ஆய்ந்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கடை வந்திருப்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் காய், பழம் உண்ணும் அளவு மட்டும் கூடவில்லை. 2019-இல் வெளியான இன்னொரு பெரிய பொருளாதார ஆய்வு, அமெரிக்கா முழுவதும் குடும்பங்கள் வாங்கிய பொருட்களின் தரவுகளை அலசியது. ஏழைக் குடும்பங்களுக்கும் வசதியானவர்களுக்கு வாய்த்த அதே கடைகள், அதே விலைகள் கிடைத்தாலும், உணவுச் சத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று கணக்கிட்டது.

ஏழைகளுக்கு நல்ல உணவில் விருப்பமில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. உணவுப் பழக்கம் கடையின் தூரத்தால் மட்டும் உருவாவதில்லை. சமைக்கக் கிடைக்கும் நேரம், சிறு வயதில் பழகிய சுவை, வாங்கிய காய் வீணானால் தாங்க முடியாத நட்டம், கூட உட்கார்ந்து உண்பவர்கள் என்று பல இழைகள் அதில் உண்டு. கடை இவற்றில் எதையும் தொடுவதில்லை. தோட்டம் பலவற்றைத் தொடுகிறது.

எடுத்துக்காட்டாக, நியூயார்க்கின் தோட்டங்களில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் ‘கலாலூ’ வளர்க்கிறார்கள். ஜமைக்கா சமையலில் அது நம் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்த கீரை. மெக்சிகோக்காரர்கள் ‘பாப்பலோ’ என்ற மணமிக்க இலையை வளர்க்கிறார்கள். பெரிய அங்காடியில் எளிதில் கிடைக்காத, கிடைத்தாலும் விலை கூடிய இந்தக் கீரைகளைச் சமைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாவிடமிருந்து கைக்கு வந்த பக்குவம் அது. பறித்த அன்றே அடுப்பேறும் கீரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அறுத்த கணத்திலிருந்து கீரையின் வைட்டமின் ‘சி’ சிதையத் தொடங்குகிறது. அறை வெப்பத்தில் சில நாள் கிடந்தால் பெரும்பகுதி போய்விடும். குளிர்பதன லாரியில் நாட்கணக்கில் பயணித்து வரும் கீரையோடு இதை ஒப்பிட முடியாது.

ஒரு சென்ட்டில் எவ்வளவு?

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன பெரிதாக விளைந்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. நியூயார்க்கில் ‘ஃபார்மிங் காங்க்ரீட்’ என்ற பெயரில் தோட்டக்காரர்களே தராசும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு, பறித்ததையெல்லாம் எடைபோட்டு எழுதினார்கள். 2010-இல் 67 தோட்டங்கள் இந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்தன. மொத்தப் பயிர்ப்பரப்பு 1.7 ஏக்கர். விளைந்தது 87,690 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 40 டன். அன்றைய சந்தை மதிப்பு 2 லட்சம் டாலருக்கு மேல்.

நம் கணக்கில் சொன்னால், சென்ட்டுக்கு 230 கிலோவுக்கு மேல். அதுவும் பனிக்காலத்தில் பெரும்பாலும் பயிர் நிற்காத ஊரில்! கையால் களையெடுத்து, ஒரு செடியின் நிழலில் இன்னொன்றை நட்டு, தக்காளியையும் பீன்ஸையும் கொம்பு கட்டி மேலே ஏற்றி, ஓர் அங்குலமும் வீணாக்காமல் செய்யும் வேளாண்மைக்கு இந்த விளைச்சல் சாத்தியம்.

ஆனாலும் எண்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கு 40 டன் என்பது ஒரு நாள் காய்கறிக்கும் போதாது. நகரத்தின் பசியைச் சமூகத் தோட்டம் தீர்த்துவிடும் என்று சொல்பவர்கள் அதற்கு நன்மை செய்வதில்லை. நகரம் முழுமைக்கும் வகுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லாத அளவு, அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த குடும்பத்தின் மேசையில் கோடை முழுவதும் தெரியும். ஏற்றத்தாழ்வு என்பது சராசரியைப் பற்றிய சிக்கல் அல்ல, பங்கீட்டைப் பற்றியது. ஆகவே தோட்டத்தின் பலனையும் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

குலுக்கல் முறையில் கிடைத்த சான்று

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட், கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு நொடித்துப் போன நகரம். அங்கே 766 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. வீட்டில் ஒருவராவது சமூகத் தோட்டத்தில் பங்கெடுத்தால், அந்த வீட்டுப் பெரியவர்கள் மற்றவர்களை விட நாளுக்கு 1.4 தடவை அதிகமாகக் காய், பழம் உண்டார்கள். நாளுக்கு ஐந்து முறையாவது உண்ணும் வாய்ப்பு அவர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம்.

இந்த வகை ஆய்வில் ஓர் ஓட்டை உண்டு. காய்கறியில் ஏற்கெனவே விருப்பமுள்ளவர்கள்தானே தோட்டத்தில் சேர்வார்கள்? காரணம் எது, விளைவு எது என்று எப்படிச் சொல்வது? புது மருந்தைச் சோதிக்கும்போது மருத்துவர்கள் கையாளும் முறைதான் இதற்கும் வழி. ஒரே மாதிரி ஆட்களைத் திரட்டி, யாருக்குத் தோட்டம், யாருக்கு இப்போதைக்கு இல்லை என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிட வேண்டும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜில் லிட் தலைமையிலான குழு டென்வர், அரோரா நகரங்களில் இதைச் செய்தது. 37 தோட்டங்களின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து, அதற்கு முன் இரண்டாண்டுகளாவது தோட்டவேலை செய்யாத 291 பேரை எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் குறைந்த வருமானக் குடும்பத்தினர். குலுக்கலில் வந்தவர்களுக்கு ஒரு பாத்தி, விதை, நாற்று, தொடக்கப் பயிற்சி எல்லாம் இலவசம். மற்றவர்கள் ஒரு பருவம் காத்திருந்தார்கள். 2023-இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் முடிவுகள் வெளியாயின.

தோட்டம் கிடைத்தவர்கள் நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து அதிகமாக உண்டார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 42 நிமிடம் கூடுதலாக உடலை அசைத்து வேலை செய்தார்கள். தொடக்கத்தில் மன அழுத்தமும் பதற்றமும் அதிகமாக இருந்தவர்களுக்கு அவை குறைந்தன.

1.4 கிராம் பெரிய எண் இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து தேவை. சராசரி அமெரிக்கர் உண்பது சுமார் 16 கிராம். மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, அறிவுரை வகுப்பு எதுவுமின்றி ஒரே பருவத்தில் இடைவெளியில் ஒரு பகுதி அடைபட்டது என்பதே கவனிக்க வேண்டியது. நார்ச்சத்து குடலில் வாழும் நுண்ணுயிர்களின் உணவு. அவை அதை நொதிக்கச் செய்து உருவாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள், குடலின் உட்சுவரைக் காக்கின்றன, அழற்சியைத் தணிக்கின்றன, இரத்தச் சர்க்கரையைச் சீராக்க உதவுகின்றன. ஏழைகளை அதிகம் தாக்கும் நோய்கள் நுழைகிற வாசல்கள் இவை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தப் பயன் பாத்தியும் விதையும் பயிற்சியும் இலவசமாகக் கிடைத்தபோது வந்தது. கட்டணம் வைத்தால், பணமும் ஓய்வும் உள்ளவர்களே தோட்டத்தை நிரப்புவார்கள். இடைவெளி கூடத்தான் செய்யும்.

வேலிக்கு வெளியே

தோட்டத்தில் கால் வைக்காதவருக்கும் அதனால் ஏதாவது கிடைக்கிறதா? பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்து நடந்த சோதனை இதற்கு விடை சொல்கிறது. மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகையில் குப்பையை அகற்றி, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். இரண்டாம் வகையில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மூன்றாம் வகையைத் தொடவில்லை. ஒரு மனையைப் பசுமையாக்க ஆன செலவு சுமார் 1,600 டாலர்.

2018-இல் வெளியான முடிவுகளின்படி, பசுமையான மனைகளின் அருகில் வாழ்ந்தவர்களில் மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னவர்கள், எதுவும் செய்யாத மனைகளின் அருகில் இருந்தவர்களோடு ஒப்பிட 41 விழுக்காடு குறைந்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் இந்தக் குறைவு 68 விழுக்காடு. அதே பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. குப்பையை மட்டும் அகற்றிய மனைகளின் அருகில் மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இவை உண்ணத்தக்க தோட்டங்கள் அல்ல, புல்வெளிகள். என்றாலும், பராமரிக்கப்படும் பசுமை நிலம் ஏழைப் பகுதியில் என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு. அந்தப் பலன் வசதியான பகுதியில் அல்லாமல் ஏழைப் பகுதியில்தான் மிகுதியாகத் தெரிந்தது என்பது நம் கேள்விக்கு நேரடியான விடை.

காரணம் என்ன? கைவிடப்பட்ட மனை, அந்தத் தெருவில் வாழ்பவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை அன்றாடம் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். மறைவிடம் தேடும் ஆயுதத்துக்கும் போதைப்பொருளுக்கும் புதர் மண்டிய மனை வசதி. பாத்தி கட்டிய மனையில் மாலை வேளைகளில் ஆள் நடமாட்டம் இருக்கும். நியூயார்க்கில் கிரீன்தம்ப் தோட்டங்கள் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமாவது பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி.

சமூகவியலாளர் ராபர்ட் சாம்சனும் சக ஆய்வாளர்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆய்ந்து ஒரு முக்கியமான உண்மையை 1997-இல் வெளியிட்டார்கள். வறுமை ஒரே அளவில் இருக்கும் இரு பகுதிகளில், அண்டை அயலார் ஒருவரை ஒருவர் நம்பி, பொதுக் காரியத்துக்கு முன்வரும் பகுதியில் வன்முறை குறைவு. அந்த நம்பிக்கை பேச்சால் வருவதில்லை. கூடிச் செய்யும் வேலையால் வருகிறது. மட்கு உரக் குழியை யார் புரட்டுவது, ஊருக்குப் போனவரின் செடிக்கு யார் நீர் ஊற்றுவது, காய்த்துக் குலுங்கும் சுரைக்காயை யாருக்குக் கொடுப்பது என்று தோட்டத்தில் அன்றாடம் நூறு சிறு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுகூடி முடிவெடுத்துப் பழகியவர்கள், அடுத்து தெருவிளக்கு எரியாததைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் நகர மன்றத்தில் போய்க் கேட்கிறார்கள். பிராங்ஸில் 1988-இல் ‘கார்டன் ஆஃப் ஹேப்பினெஸ்’ தோட்டத்தை அண்டை வீட்டாரோடு தொடங்கிய கேரன் வாஷிங்டன், ஒரு காலி மனையில் ஆரம்பித்துத் தோட்டங்களின் கூட்டமைப்பு, உழவர் சந்தை, நாடு தழுவிய கறுப்பின விவசாயிகள் அமைப்பு வரை வளர்த்தெடுத்தார்.

மண்ணில் படிந்த அநீதி

இடிந்த கட்டடத்தின் மண்ணில் உடனே கீரை விதைத்துவிட முடியாது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது 1978 வரையும், சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது 1996 வரையும் முழுமையாக நிற்கவில்லை. அந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. அது சிதையாத உலோகம். மண்ணின் மேல் அடுக்கிலேயே தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். நெடுஞ்சாலைகளும் பழைய கட்டடங்களும் நெருக்கமாக உள்ள ஏழைப் பகுதிகளில்தான் அது அதிகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஜனவரியில், வீட்டு மண்ணில் ஈயம் குறித்து எச்சரிக்கை கொள்ள வேண்டிய அளவைப் பத்து லட்சத்தில் 400 பங்கிலிருந்து 200 பங்காகக் குறைத்தது.

ஈயத்தைப் பெரும்பாலான செடிகள் வேரிலிருந்து மேலே அதிகம் ஏற்றுவதில்லை. தக்காளி, கத்தரி, பீன்ஸ் போன்ற காய்களில் மிகக் குறைவு. கேரட், முள்ளங்கி போன்ற கிழங்குகளிலும், மண் தெறித்து ஒட்டும் கீரைகளிலும் கூடுதல். உண்மையான ஆபத்து மண் தூசி, அதிலும் கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு. உடல் ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்தாகவும் இரும்பாகவும் எண்ணி ஏமாந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சத்துகள் குறைந்த குழந்தையின் குடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். சத்தற்ற உணவும் நச்சு மண்ணும் ஒரே குழந்தையின் உடலில் சேரும்போது, வறுமை அதன் மூளை வளர்ச்சியையே தொட்டுவிடுகிறது.

இதற்குத் தோட்டக்காரர்கள் கண்ட தீர்வு எளிமையானது. மனையின் மண்மேல் நீர் வடியும் கனத்த துணியை விரிக்கிறார்கள். அதன்மேல் ஒன்றிரண்டு அடி உயரத்துக்குப் பலகையால் பெட்டி அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த தூய மண்ணையும் மட்கு உரத்தையும் கலந்து நிரப்புகிறார்கள். நடைபாதையில் மரச்சீவலைக் கனமாகப் பரப்பித் தூசியை அடக்குகிறார்கள். மட்கு உரம் செடிக்குத் தீனி போடுவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள கரிமப் பொருளும் பாஸ்பேட்டும் ஈயத்தைக் கட்டிப்போட்டு, எளிதில் கரையாத வடிவுக்கு மாற்றுகின்றன.

தூய மண் எங்கே கிடைக்கும்? வானளாவும் கட்டடங்களுக்கு அடித்தளம் தோண்டும்போது ஆழத்திலிருந்து வரும் மண், பனியுகத்தில் பனிப்பாறைகள் கொண்டுவந்து கொட்டியது. பெட்ரோலையோ பெயின்ட்டையோ கண்டதில்லை. நியூயார்க் நகரம் ‘தூய மண் வங்கி’ அமைத்து, அந்த மண்ணைச் சோதித்துத் தேவைப்படும் இடங்களுக்கு அனுப்புகிறது. அதனோடு மட்கு கலந்து காய்கறி மண் ஆக்குகிறார்கள். பணக்காரக் கட்டடத்தின் கழிவு மண், ஏழையின் பாத்திக்கு அடிப்படை ஆகிறது. ஆனால் இதைத் தோட்டக்காரர் தனி ஆளாகச் செய்ய முடியாது. மண்ணைச் சோதிக்கும் ஆய்வகமும் மண்ணை ஏற்றிவரும் லாரியும் நகர நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தால்தான் நடக்கும்.

தோட்டம் வந்தது, வாடகை ஏறியது

ஆய்வாளர்கள் யோவான் வொய்கு, விக்கி பீன் இருவரும் நியூயார்க்கின் சமூகத் தோட்டங்களைச் சுற்றி வீட்டு விலை எப்படி மாறியது என்று ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தோட்டம் தொடங்கிய பின் ஆயிரம் அடி தொலைவுக்குள் வீட்டு விலை ஏறியது. மிக ஏழ்மையான பகுதிகளில் ஐந்தே ஆண்டுகளில் 9.4 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை ஏறியது.

சொந்த வீடு உள்ளவருக்கு இது வரவு. வாடகைக்கு இருப்பவருக்குச் செலவு. குப்பை அள்ளி, மண் சுமந்து, தெருவை வாழத்தக்கதாக மாற்றியவர்கள் அதே காரணத்தால் அங்கே வாழ முடியாமல் வெளியேற நேரலாம். இடைவெளியைக் குறைக்க வந்த தோட்டம், கவனிக்காவிட்டால் இடைவெளியைக் கூட்டும் கருவியாகிவிடும்.

மனையின் மதிப்பு ஏறியதும் முதலில் ஆபத்துக்குள்ளாவது தோட்டமே. 1973-இல் மன்ஹாட்டனின் பவரி, ஹியூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் மூலையில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் தொடங்கிய தோட்டத்துக்கு நகரம் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அனுமதி கொடுத்தது. யாருக்கும் வேண்டாத நிலமாக இருந்தவரை அந்தத் தாராளம் எளிதாக இருந்தது. 1990-களில் நிலவிலை ஏறியதும், மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 1999-இல் 114 தோட்டங்களைப் பொது ஏலத்துக்குக் கொண்டுவந்தது. தோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். வழக்குகள் தொடரப்பட்டன. கடைசியில், பொது நிலத்துக்கான அறக்கட்டளை ஒன்றும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் மீட்டமைப்புத் திட்டமும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலர் கொடுத்து அந்த 114 தோட்டங்களையும் வாங்கி, நிரந்தரமாகத் தோட்டமாகவே வைத்தன. 2002-இல் நகரமும் மாநிலமும் செய்துகொண்ட உடன்பாடு ஏறத்தாழ 400 தோட்டங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. வேறு சில தோட்டங்கள் வீடு கட்ட இடம் விட்டன.

ஏழைகளுக்கு வீடும் வேண்டும், தோட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர்களிடம் கேட்பதே அநியாயம். வசதியானவர்கள் வாழும் பகுதியில் பூங்காவை விற்று வீடு கட்டலாமா என்று யாரும் கேட்பதில்லை.

ரொசாரியோ செய்த வேலை

இந்தச் சிக்கலுக்கு ஒரு நகரம் கொள்கை அளவில் விடை தேடியது. அர்ஜென்டினாவில் பரானா ஆற்றங்கரையில் உள்ள ரொசாரியோ, சுமார் பத்து லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம். 2001 டிசம்பரில் நாட்டின் பொருளாதாரம் நொறுங்கியபோது அங்கே மக்கள் உணவுக்காக அங்காடிகளை உடைத்துப் புகுந்தார்கள். 2002 அக்டோபரில் அர்ஜென்டினாவில் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தவர்கள் 57.5 விழுக்காடு.

2002-இல் ரொசாரியோ நகராட்சி, வேளாண் பொறியாளர் அந்தோனியோ லத்தூக்காவின் வழிகாட்டலில் நகர வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தின் ‘புரோ உவெர்த்தா’ திட்டம் விதை கொடுத்தது. கருவிகளும் பயிற்சியும் வந்தன. இதுவரை வேறு பல நாடுகளும் செய்தவைதான். ரொசாரியோ அடுத்துச் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது. நகரில் எங்கெங்கே காலி நிலம் உண்டு என்று கணக்கெடுத்தார்கள். ரயில்பாதை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், ஓடைக்கரையில் வெள்ளம் ஏறும் தாழ்நிலம் என்று வீடு கட்டத் தகாத இடங்களையும் விடவில்லை. அவற்றைத் தோட்டக்காரர்களுக்கு உறுதியான அனுமதியோடு ஒதுக்கினார்கள். ‘தோட்டப் பூங்கா’ என்ற புதிய நில வகையை நகரத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். விளைந்ததை விற்க நகரின் சதுக்கங்களில் வாரச் சந்தைக்கு இடம் ஒதுக்கினார்கள்.

வேலை இழந்தவர்களும் பெண்களும்தான் இந்தத் தோட்டங்களுக்கு அதிகம் வந்தார்கள். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை இடைத்தரகர் இல்லாமல் விற்று, கையில் காசு பார்த்தார்கள். வெள்ளம் ஏறும் நிலத்தில் தோட்டம் இருந்ததால் அங்கே குடிசைகள் எழவில்லை. மழைநீரை மண் உறிஞ்சிக்கொண்டது. நெருக்கடி தணிந்த பிறகும் திட்டம் கைவிடப்படவில்லை. 2021-இல் உலக வள நிறுவனத்தின் நகரங்களுக்கான பரிசு ரொசாரியோவுக்குக் கிடைத்தது. அந்த அமைப்பின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 2,500 டன் காய், பழம் அங்கே விளைகிறது. நியூயார்க்கின் 67 தோட்டங்கள் தந்த 40 டன்னோடு ஒப்பிட்டால், தனித்தனி மனைகளுக்கும் நகரமே நிலம் ஒதுக்கிச் செய்யும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

நம் ஊருக்கான கேள்வி

தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் தருகிறது. நல்ல திட்டம், நல்ல விதைகள். ஆனால் அதைப் பயன்படுத்த முதலில் மாடி வேண்டும். சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளான பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அடுக்குக் குடியிருப்பின் நான்காவது தளத்தில் வாழும் குடும்பத்துக்கு மாடி இல்லை. வாசலுக்கு வெளியே நான்கடி நடைபாதைதான். நிலம் இருப்பவருக்கு மட்டும் போய்ச்சேரும் மானியம், நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும், இருப்பவருக்கே இன்னும் கொடுப்பதாகிவிடும்.

நிலம் இல்லாமலும் இல்லை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் விதி. அந்த நிலத்தின் ஒரு மூலையை, பக்கத்துக் குடியிருப்பில் வாழும் ஏழைக் குடும்பங்களின் பொதுத் தோட்டத்துக்கு எழுத்து மூலம் ஒதுக்க முடியும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைத் திட்டமிடும்போதே வாகனம் நிறுத்த இடம் ஒதுக்குவது போலப் பாத்திக்கும் இடம் ஒதுக்க முடியும்.

நியூயார்க், டென்வர், பிலடெல்பியா, ரொசாரியோ என்று நான்கு ஊர்களின் அனுபவமும் சேர்ந்து நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. நிலத்தின் மேல் உறுதியான உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். ‘காலியாக இருக்கும்வரை வைத்துக்கொள்’ என்ற சலுகை போதாது. மண் சோதனை, நீர், விதை ஆகியவற்றின் செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். எதை நடுவது, எப்படிப் பங்கிடுவது என்ற முடிவு அங்கே வாழ்பவர்களுடையதாக இருக்க வேண்டும். தோட்டம் வரும் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுப் பாதுகாப்பும் கூடவே வர வேண்டும்.

இவை நான்கும் இருந்தால், ஒரு சென்ட் நிலம் ஒரு குடும்பத்தின் தட்டையும் ஒரு தெருவின் மாலையையும் மாற்றும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அடுத்த முறை உங்கள் வார்டு உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, நம் பகுதியின் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் எங்கே இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். பிராங்ஸிலும் ரொசாரியோவிலும் தோட்டங்கள் நிலைத்தது அப்படிக் கேட்டவர்களால்தான்.